ஆல்டர்னேட்டரை நீங்களே மாற்றலாமா? ஸ்பேனரை எடுக்கும் முன்பே நடக்கும் தவறுகள்

டேஷ்போர்டில் பேட்டரி விளக்கு எரிந்ததும் 'டைனமோ போச்சு' (இன்ஜின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரைத்தான் அப்படிச் சொல்வார்கள்) என்று முடிவுகட்டி, புதிது வாங்கிக்கொண்டு வந்து, அரை நாள் போராடி மாட்டிய பிறகும் அதே விளக்கு எரிந்துகொண்டிருந்தால் எப்படி இருக்கும்? இந்த வேலையில் அதிகம் நடப்பது இதுதான். நல்ல ஆல்டர்னேட்டரைக் கழற்றிப் போட்டுவிடுகிறார்கள்.

அதனால் முதலில் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை எடுத்து, பேட்டரியின் இரு டெர்மினல்களிலும் வைத்துப் பாருங்கள். இன்ஜின் ஓடாமல் கொஞ்ச நேரம் நின்ற பிறகு, நல்ல பேட்டரி 12.6 வோல்ட் பக்கம் காட்டும். இன்ஜினை ஓட விட்டால் 13.8 முதல் 14.5 வரை ஏற வேண்டும். ஏறாமல் 12.3, 12.2 என்று இறங்கிக்கொண்டே போனால் சார்ஜ் ஆகவில்லை. ஆனால் ஏன் ஆகவில்லை என்பதை மீட்டர் சொல்லிவிடவில்லை, இங்கேதான் பலரும் அவசரப்படுகிறார்கள். பெல்ட் தளர்ந்து வழுக்கலாம், ஃபியூஸ் எரிந்திருக்கலாம், ஆல்டர்னேட்டரின் பின்னால் இருக்கும் சின்ன சாக்கெட் சரியாக உட்காராமல் இருக்கலாம், பேட்டரி டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பொடி பூத்திருக்கலாம். இன்ஜின் ஓடும்போது, ஹெட்லைட்டையும் போட்டுவிட்டு, மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் தடித்த கேபிள் போல்ட்டிலும் இன்னொன்றைப் பேட்டரி பாசிட்டிவிலும் வைத்துப் பாருங்கள், அரை வோல்ட் காட்டினாலே கோளாறு நடுவில் உள்ள கேபிளில்தான். ஓடும் பெல்ட்டுக்குப் பக்கத்தில் கை, சட்டை நுனி எதுவும் போகக் கூடாது. புதிய கார்கள் சிலவற்றில் கம்ப்யூட்டரே சார்ஜைக் கூட்டிக் குறைக்கும், அவற்றில் ஒரே ஒரு ரீடிங்கை நம்பாதீர்கள்.

ஓடும் இன்ஜினில் பேட்டரி கேபிளைக் கழற்றி 'வண்டி நிற்கிறதா பார்ப்போம்' என்று சோதிக்கும் பழைய பழக்கத்தை, சொன்னவர் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும், விட்டுவிடுங்கள். அந்த நொடியில் மின்னழுத்தம் எகிறி கம்ப்யூட்டரையே பொசுக்கிவிடலாம்.

சரி, ஆல்டர்னேட்டர்தான் என்று உறுதியாகிவிட்டது. அடுத்து பானட்டைத் திறந்து, டார்ச் அடித்து, அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று நிதானமாகப் பாருங்கள். மேலேயே இருந்து எல்லா போல்ட்டும் கண்ணில் பட்டால், ஓரளவு கை பழகியவர் தாராளமாக இறங்கலாம். இன்ஜினுக்குப் பின்னால் ஒளிந்திருந்தால், அல்லது ஆக்ஸில், ரேடியேட்டர் ஃபேன் என்று எதையாவது கழற்றினால்தான் வெளியே வரும் என்றால், என்னைக் கேட்டால் மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது. வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் படுக்கவே கூடாது. உயர் மின்னழுத்த ஆரஞ்சு நிறக் கேபிள்கள் ஓடும் ஹைப்ரிட் வண்டியில் நீங்களாகக் கை வைக்க வேண்டாம்.

பாகம் வாங்கும்போது கார் பெயரை மட்டும் சொல்லி வாங்குவதும் தவறு. ஒரே மாடலுக்கு வேறு வேறு ஆம்பியரில், வேறு வேறு புல்லியில் (பெல்ட் ஓடும் சக்கரம்) வரும். பழையதையும் புதியதையும் அருகருகே வைத்து போல்ட் துளைகள், புல்லியின் பள்ளங்கள், சாக்கெட்டின் பின்கள் எல்லாவற்றையும் ஒப்பிடுங்கள்.

கழற்றும் முன் பேட்டரியின் நெகட்டிவ் கேபிளை எடுத்தே ஆக வேண்டும். இதை மட்டும் மறக்காதீர்கள். சாவியை உருவிவிட்டாலும் ஆல்டர்னேட்டருக்குப் போகும் தடித்த கேபிளில் பேட்டரியின் மின்சாரம் அப்படியே நிற்கும், நட்டைத் திருப்பும் ஸ்பேனரின் மறுமுனை இன்ஜினில் பட்டால் தீப்பொறி பறக்கும், ஸ்பேனர் பழுக்கக் காய்ந்து அங்கேயே ஒட்டிக்கொள்ளவும் கூடும். அப்புறம், பெல்ட் எந்தப் புல்லிக்கு மேலே, எதற்குக் கீழே போகிறது என்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு கழற்றுங்கள். கையால் இறுக்கும் வகை பெல்ட்டாக இருந்தால், திரும்ப மாட்டும்போது அளவுக்கு மீறி இறுக்கிவிடாதீர்கள், புதிய பேரிங் சீக்கிரமே ஊளையிட ஆரம்பித்துவிடும்.

மாட்டி முடித்ததும் செத்துக் கிடக்கும் பேட்டரியை ஜம்ப் பண்ணி (வேறு பேட்டரியின் உதவியால் ஸ்டார்ட் செய்து) ஓட்டிக்கொண்டே சார்ஜ் ஏற்ற நினைக்க வேண்டாம். ஆல்டர்னேட்டர் முழு பலத்தோடு நெடுநேரம் உழைத்துச் சூடாகும். முதலில் சார்ஜரில் போட்டு ஏற்றிவிட்டு, பிறகு ஸ்டார்ட் செய்து, ஹெட்லைட், ஏசி ஃபேன் எல்லாம் போட்டு மீட்டரை மறுபடி வைத்துப் பாருங்கள்.