மரபணு மாற்ற உணவுத் தடையாணையைப் படிப்பது எப்படி?

மரபணு மாற்றம் செய்யப்பட்ட உணவுக்கு ஓர் அரசு தடை விதித்துவிட்டது என்று ஒரு நாள் செய்தி வருகிறது. சில மாதங்கள் கழித்து அதே அரசு வெளிநாட்டு அழுத்தத்துக்குப் பணிந்துவிட்டது என்று மற்றொரு செய்தி வருகிறது. பெரும்பாலும் இரண்டுமே பாதி உண்மைகள். எது தடுக்கப்பட்டது, யார் எதிர்த்தார்கள், எவ்வளவு விட்டுக்கொடுக்கப்பட்டது என்பதை அறிய ஆணையின் மூலத்தைத் தேடி எடுப்பதே முதல் வேலை. அது அரசிதழிலோ வர்த்தமானியிலோ கிடைக்கும். பெரும்பாலும் சில பக்கங்களில் அடங்கிவிடும் அந்த ஆவணத்தைக் கீழ்க்காணும் முறையில் படித்துப் பார்க்கலாம்.

முதலில் ஆணையில் உள்ள வினைச்சொற்களை அடிக்கோடிடுங்கள். பயிரிடுவதைத் தடுப்பது வேறு, இறக்குமதியைத் தடுப்பது வேறு, விற்பனையைத் தடுப்பது வேறு. மனித உணவுக்கு உள்ள தடை கால்நடைத் தீவனத்துக்கும் பொருந்தும் என்று நாமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்தியாவில் 2010 பிப்ரவரியில் பி.டி. கத்தரிக்காய்க்கு (பூச்சியை எதிர்க்க மரபணு மாற்றம் செய்யப்பட்ட வகை) அறிவிக்கப்பட்டது வணிகப் பயிரிடலுக்கான தற்காலிக நிறுத்தம். 2021 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது முற்றிலும் வேறு வகை ஆணை: 24 உணவுப் பயிர்கள் இறக்குமதியாகும்போது அவை மரபணு மாற்றம் செய்யப்படாதவை என்று ஏற்றுமதி நாட்டின் அதிகாரப்பூர்வ அமைப்பு தந்த சான்றிதழ் உடன்வர வேண்டும், தற்செயலான கலப்பு 1 சதவீதம் வரை பொறுத்துக்கொள்ளப்படும். அதே ஆண்டு ஆகஸ்டில் 12 லட்சம் டன் மரபணு மாற்ற சோயாப் புண்ணாக்கை இறக்குமதி செய்ய அதே நாடு அனுமதித்தது. இதில் முரண்பாடு இருப்பதுபோல் தோன்றும். ஆனால் அரைத்து எண்ணெய் எடுக்கப்பட்ட புண்ணாக்கில் உயிருள்ள மரபணு மாற்ற உயிரி எதுவும் இல்லை என்பதே அரசுத் தரப்பு சொன்ன காரணம். மேலும், அந்த அனுமதியைக் கேட்டு நின்றவர்கள் தீவன விலையேற்றத்தில் தவித்த உள்நாட்டுக் கோழிப் பண்ணையாளர்கள். தளர்வு வந்தவுடனேயே வெளிநாட்டைக் கைகாட்டும் பழக்கத்தை இங்கேயே விட்டுவிடுவது நல்லது.

அடுத்து தேதிகள். என் கணிப்பில், அழுத்தத்தின் தடம் மிகத் தெளிவாகப் பதிவது இங்கேதான். இலங்கை 1980ஆம் ஆண்டின் உணவுச் சட்டத்தின்கீழ் மரபணு மாற்ற உணவுகளின் இறக்குமதியைத் தடை செய்து, 2001 மே 1 முதல் அது நடைமுறைக்கு வரும் என்று அறிவித்தது. சோயா, சோளம், தக்காளி உள்ளிட்ட 21 வகைகள் பட்டியலில் இருந்தன. ஏற்றுமதி நாடுகள் தயாராக அவகாசம் தர வேண்டும் என்ற கோரிக்கை உலக வர்த்தக அமைப்பின் வழியாக எழுந்ததும் தேதி செப்டம்பர் 1க்குத் தள்ளிப்போயிற்று. பிறகு காலவரையின்றி ஒத்திவைக்கப்பட்டது. தடை தவறென்று எந்த நடுவர் குழுவும் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆகவே, அரசு பணிந்ததா என்று கேட்பதற்கு முன் தேதி எத்தனை முறை, யார் பேசியபின் நகர்ந்தது என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அவகாசக் கோரிக்கை எல்லாமே மிரட்டல் ஆகிவிடாது என்பதையும் மனத்தில் வைக்க வேண்டும்: புதிய விதியைக் குறித்துப் பிற நாடுகள் கருத்துச் சொல்ல வழக்கமாக 60 நாட்கள் தரப்படுகின்றன, விதியை வெளியிடுவதற்கும் நடைமுறைப்படுத்துவதற்கும் இடையே பொதுவாக ஆறு மாதத்துக்குக் குறையாத இடைவெளி வேண்டும் என்ற முடிவு அதே 2001 நவம்பரில் அந்த அமைப்பின் தோகா மாநாட்டில் எடுக்கப்பட்டது.

மூன்றாவதாக, தடைக்கு ஆணை கூறும் காரணத்தைப் பாருங்கள். உலக வர்த்தக அமைப்பில் 1995 முதல் நடைமுறையில் இருக்கும் சுகாதார, தாவரநல நடவடிக்கைகள் குறித்த ஒப்பந்தம், உணவுப் பாதுகாப்பின் பெயரால் விதிக்கப்படும் தடை இடர் மதிப்பீட்டின் அடிப்படையில் அமைய வேண்டும் என்கிறது. அறிவியல் சான்று போதாத நிலையில் தற்காலிகத் தடை விதிக்க அதன் 5.7ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் மேலும் தகவல் திரட்டி, நியாயமான காலத்துக்குள் மறுஆய்வு செய்யும் கடமையும் கூடவே வருகிறது. 2003இல் நடைமுறைக்கு வந்த, உயிரியல் பாதுகாப்பு குறித்த சர்வதேச உடன்படிக்கையான கார்ட்டஹீனா நெறிமுறை, அறிவியல் உறுதியின்மையை முன்னிட்டும் உயிருள்ள மரபணு மாற்ற உயிரிகளின் இறக்குமதியை மறுக்க இடமளிக்கிறது. ஆனால் அமெரிக்கா அதில் உறுப்பினர் அல்ல என்பதால், அந்நாட்டுடனான வர்த்தக வழக்கில் அதைக் கேடயமாகப் பிடிப்பது கடினம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு எதிராக அமெரிக்கா, கனடா, அர்ஜென்டினா ஆகியவை 2003இல் உலக வர்த்தக அமைப்பில் தொடுத்த வழக்கை இந்த இடத்தில் படித்துப் பார்க்க வேண்டும். அதில் நடுவர் குழு 2006இல் தந்த தீர்ப்பு, ஒப்புதல் நடைமுறையில் தகாத தாமதம் நேர்ந்தது என்றும், ஆறு உறுப்பு நாடுகளின் தனித் தடைகள் இடர் மதிப்பீட்டின் மேல் நிற்கவில்லை என்றும் கூறியது. மரபணு மாற்ற உணவு பாதுகாப்பானதா என்ற கேள்விக்குள் அந்தக் குழு நுழையவே இல்லை. இரு தரப்பாரும் இன்றுவரை அந்தத் தீர்ப்பைத் தமக்குச் சாதகமாக மேற்கோள் காட்டுவதைப் பார்க்கும்போது இதை யாரும் படிப்பதில்லையோ என்று தோன்றுகிறது.

அழுத்தம் மூடிய அறைக்குள் மட்டுமே நடக்கிறது என்று எண்ண வேண்டாம். அதில் கணிசமான பகுதி பொதுவெளியில் அச்சாகிக் கிடக்கிறது. உலக வர்த்தக அமைப்பின் இ-பிங் தளத்தில் நாட்டையும் பொருளையும் தெரிவு செய்து பதிவு செய்துகொண்டால் புதிய அறிவிக்கைகள் மின்னஞ்சலில் வந்து சேரும். சுகாதார, தாவரநலக் குழு வழக்கமாக ஆண்டுக்கு மூன்று முறை கூடும். அங்கே எந்த நாடு எந்த விதியை எதிர்த்துப் பேசியது என்பது குறிப்பிட்ட வர்த்தகக் கவலைகள் என்ற தலைப்பில் பதிவாகிறது. அமெரிக்க வர்த்தகப் பிரதிநிதி அலுவலகம் ஆண்டுதோறும் வெளியிடும் வர்த்தகத் தடைகள் பற்றிய அறிக்கையில் நீங்கள் ஆராயும் நாட்டுக்கான பகுதியைத் திறந்து, தடைக்கு முந்தைய ஆண்டின் பத்தியையும் பிந்தைய ஆண்டின் பத்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அமெரிக்க வேளாண் துறை பல நாடுகளைப் பற்றி வெளியிடும் கெயின் அறிக்கைகளும் உதவும். எதிர்க்கும் தரப்பு தன் நலனை மறைக்காமல் எழுதும் ஆவணங்கள் இவை. அதனாலேயே பயன் அதிகம்.

ஆணை திருத்தப்பட்டிருந்தால் பழைய வாசகத்தையும் புதியதையும் வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். மெக்சிகோவை எடுத்துக்கொள்வோம். 2020 டிசம்பர் 31இன் ஆணை, உணவில் மரபணு மாற்றச் சோளத்தின் பயன்பாட்டை 2024 ஜனவரி 31க்குள் ஒழிப்பதாகச் சொன்னது. 2023 பிப்ரவரி 13இன் ஆணையில் அந்தக் கெடு இல்லை. உடனடித் தடை மாவுக்கும் அதில் சுடும் டோர்ட்டியா என்ற சோள ரொட்டிக்கும் என்று சுருங்கிவிட்டது. தீவனத்திலும் தொழிற்சாலை உணவிலும் படிப்படியாக மாற்றுவது என்றாயிற்று. டோர்ட்டியாவுக்கு வேண்டிய வெள்ளைச் சோளத்தை மெக்சிகோ பெரும்பாலும் தானே விளைவித்துக்கொள்கிறது. அமெரிக்காவிலிருந்து கப்பலும் ரயிலும் கொண்டுவருவது பெரும்பாலும் தீவனத்துக்கான மஞ்சள் சோளம். ஆக, பணம் புழங்கும் பக்கம் தளர்ந்தது, பண்பாடு நிற்கும் பக்கம் இறுகியது. அப்படியும் அமெரிக்கா விடவில்லை. வட அமெரிக்க வர்த்தக ஒப்பந்தத்தின்கீழ் அமைந்த குழு 2024 டிசம்பர் 20 அன்று அமெரிக்காவுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

இறுதியாக, தடை விழுந்தது என்ற செய்தியோடு கோப்பை மூடிவிடாமல், அதே நோக்கம் வேறு வடிவில் திரும்பி வருகிறதா என்று ஓரிரு ஆண்டுகள் தொடர்ந்து பாருங்கள். மெக்சிகோ 2025 பிப்ரவரியில், தீர்ப்பில் சிக்கிய ஆணைப் பகுதிகளைச் செல்லாதவையாக்கியது. மார்ச்சில், மரபணு மாற்றச் சோளத்தைப் பயிரிடுவதற்கு எதிரான தடையை அரசியலமைப்பிலேயே எழுதியது. பயிரிடுதல் அந்த வழக்கின் பொருளாக இருந்ததில்லை. இலங்கையில் 2001இன் தடை திரும்பவில்லை; ஆனால் 2006இல் இயற்றப்பட்ட ஒழுங்குவிதிகள், மரபணு மாற்ற உணவை இறக்குமதி செய்யவும் விற்கவும் முன் அனுமதியையும், பொட்டலத்தின் மேல் அதைக் குறிப்பிடும் சிட்டையையும் கட்டாயமாக்கின.