ஸூம் வகுப்பில் மாணவரை எழுத வைப்பது: கொழும்பு விரிவுரையாளர்களுக்குச் சில கைக்குறிப்புகள்

மண்டபத்தில் நடத்திய இரண்டு மணி நேர விரிவுரையை அப்படியே ஸூமுக்குக் கொண்டுவந்தால் அரை மணி நேரத்துக்குள் மாணவர் போய்விடுவார்கள், பெயர்கள் மட்டும் திரையில் நிற்கும். பின்னேர வகுப்பில் ஒருவர் வேலை முடிந்து கொழும்பின் காலி வீதி நெரிசலில் பஸ்ஸில் இருந்தபடி போனில் கேட்பார். இன்னொருவர் மலையகத்தில், ஹற்றனில் சிக்னல் வருகிற யன்னலோரத்தில் இருப்பார். பாடத்தை அந்தப் போன் திரைக்கும் டேட்டாவுக்கும் ஏற்றபடி அமைக்க வேண்டும்.

கமராவைக் கட்டாயமாக்காதீர்கள். குரல் மட்டுமென்றால் ஒரு மணி நேரத்துக்கு 40 எம்பி அளவில் முடியும். வீடியோ சேர்ந்தால் அது பல நூறு எம்பியாகிவிடும். நீண்ட விளக்கங்களை 10 நிமிட ஒலிப்பதிவுகளாக முதலே அனுப்பிவிடலாம். 32 கேபிபிஎஸ், மோனோ, எம்பி3 என்று சேமித்தால் 10 நிமிடம் 2.4 எம்பிதான், வட்ஸ்அப்பிலேயே போகும். ஸ்லைட் எழுத்து 28 பொயின்டுக்குக் குறைந்தால் போனில் வாசிக்க முடியாது.

நேரடி வகுப்பில் பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒரு தரம் எல்லோரும் ஏதாவது எழுத வேண்டும். “விளங்குதா?” என்று கேட்டால் மௌனம்தான் வரும், ஏனென்றால் விளங்காதவருக்கு எது விளங்கவில்லை என்றே தெரியாது. ஒரு வரியில் விடை எழுதக்கூடிய, பிழைவிட இடமுள்ள கேள்வியாகக் கேளுங்கள். பொருளியல் வகுப்பென்றால் இப்படி: “2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம். அடுத்த வருடம் ஒற்றை இலக்கத்துக்கு வந்தது. அப்படியென்றால் சாமான் விலை இறங்கியதா?” (இல்லை, ஏறும் வேகம்தான் குறைந்தது. பலர் பிழைவிடுவது அங்கேதான்.)

கேட்டவுடன், “எழுதுங்கோ, இன்னும் அனுப்ப வேண்டாம்” என்று சொல்லுங்கள். 90 விநாடி கழித்து, “இப்ப அனுப்புங்கோ.” இதைச் செய்யாவிட்டால் வேகமாக எழுதும் ஒருவரின் விடையை மற்றவர்கள் பிரதி பண்ணுவார்கள். கேள்விக்குப் பிறகு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடியளவே காத்திருக்கிறார்கள் என்றும், அதை மூன்று விநாடியாக்கினாலே விடைகள் நீள்கின்றன என்றும் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் காட்டினார். அது நேரடி வகுப்பறைக் கணக்கு. போனில் தட்டெழுத மூன்று விநாடி எந்த மூலைக்கு? அந்த 90 விநாடியில் நீங்கள் வாய் திறக்காமல் இருப்பதுதான் இதில் கஷ்டமான பகுதி.

ஆங்கில மொழிமூல வகுப்பானாலும் ஸூம் சட்டில் (chat) தமிழில் எழுதட்டும், ஆங்கில எழுத்தில் தமிழோ சிங்களமோ எழுதட்டும். ஒப்படையில் ஆங்கிலம் பார்த்துக்கொள்ளலாம்.

வகுப்பைச் சிறு குழுக்களாகப் பிரிக்கும் பிரேக்அவுட் அறைகள் பெரும்பாலும் வீணாவது, “கலந்துரையாடுங்கள்” என்று மட்டும் சொல்லி அனுப்புவதால். அறைக்கு நான்கு பேர், எட்டு நிமிடம், திரும்பி வரும்போது கையில் இரண்டு வரி விடை: இவ்வளவும் முதலே சொல்லப்பட்டிருக்க வேண்டும். ஆட்களைத் தானாகப் பிரிக்க விடாமல், லப்டொப்பில் இருப்பவர் ஒருவராவது ஒவ்வோர் அறைக்கும் கிடைக்கும்படி போடுங்கள், எழுதுவது அவர் வேலை. பிரதான அறையில் காட்டிய ஸ்லைட் உள்ளே போனதும் மறைந்துவிடும். ஆகவே அறைகளைத் திறக்க முன்னர் கேள்வியை வட்ஸ்அப் குறூப்பிலும் போட்டுவிடுங்கள்.

மூடில் (Moodle) என்ற இணையக் கற்றல் தளத்தில் வைக்கும் வினாவிடையில் அதிகம் கெடுவது நேர அமைப்பு. விடையளிக்க 20 நிமிடம் கொடுத்தாலும் வினாத்தாளை ஒரு முழு நாள் திறந்து வையுங்கள், தொடங்க முன்னரே கரண்ட் போனவர் பிறகு வந்து செய்யலாம். நேரம் முடிந்ததும் விடைகள் தானாகச் சமர்ப்பிக்கப்படும் தெரிவையே எடுக்க வேண்டும். நேரத்துக்குள் சமர்ப்பிக்காததை ஏற்காத தெரிவை எடுத்தால், கடைசி நிமிடத்தில் இணைப்பு அறுந்த மாணவரின் முழு முயற்சியும் கணக்கில் வராது. பக்கத்துக்கு ஒரு கேள்வி வைத்தால், அடுத்த பக்கம் போகும்போதே முந்திய விடை சேமிக்கப்படும்.

மூன்றாம் வாரத்தில் மூடில் பதிவேட்டைப் பாருங்கள். இரண்டு வாரமாக உள்ளே வராதவர்களுக்குத் தனித்தனியாகச் செய்தி அனுப்புங்கள். குறூப்பில் பெயர் போட்டால் வெட்கத்தில் அடியோடு விலகிவிடுவார்கள். “ஏன் வரவில்லை?” என்ற கேள்விக்குப் பதில் வருவது அரிது. “எந்தப் பாடத்தில் நிற்கிறீர்கள், அந்த ஒலிப்பதிவு திறந்ததா?” என்று கேட்டால் எழுத ஏதாவது இருக்கும்.