சின்ன நகரத்தின் மேயர் பட்டியல்: பிழையில்லாமல் தொகுக்கும் முறை

அமெரிக்காவின் சின்ன நகரம் ஒன்றின் மேயர் வரலாற்றைத் தொகுக்க உட்காருபவர்கள் பெயர், ஆண்டு என்று இரண்டே கட்டம் போட்டு நிரப்பத் தொடங்கிவிடுகிறார்கள். பிசகு அங்கேயே ஆரம்பித்துவிடும். வெர்மான்ட் மாநிலத்துப் பர்லிங்டனை வைத்துப் பார்க்கலாம். 2020 கணக்கெடுப்பில் அங்கே 44,743 பேர்தான்.

முதலில் நகரச் சாசனத்தை, அதாவது ஊரை நகரமாக்கிய சட்ட ஆவணத்தைத் தேடி எடுங்கள். ஊர் எப்போது உருவானது என்பது வேறு, எப்போது நகரமானது என்பது வேறு. பர்லிங்டன் நகரமானது 1865இல். முதல் மேயர் ஆல்பர்ட் காட்லின். அதற்கு முன் ஊரை நடத்தியவர்கள் செலக்ட்மென் எனப்படும் குழுவினர். அவர்களைப் பட்டியலின் தலையில் ஏற்றினால் எல்லா வரிசை எண்ணும் புரளும்.

அடுத்து அட்டவணை. ஆளுக்கு ஒரு வரி வேண்டாம், பதவிக்காலத்துக்கு ஒரு வரி போடுங்கள். தேர்தல் நாள், பதவியேற்ற நாள், இறங்கிய நாள், கட்சி, வாக்குகள், தேர்தலா நியமனமா, ஆதாரம் என ஏழு கட்டமாவது தேவை. பீட்டர் கிளாவெல் 1989 முதல் 1993 வரையும், மறுபடி 1995 முதல் 2006 வரையும் மேயர். ஒரே வரியில் "1989–2006" என்று எழுதினால் நடுவில் இருந்த பீட்டர் பிரவுனெல் காணாமலே போய்விடுவார். பதவிக்காலத்தின் நீளமும் மாறும்: பர்லிங்டனில் 1980களில் இரண்டு ஆண்டு, பிறகு மூன்று ஆண்டு. ஆகவே காலத்தைக் கூட்டிக் கணக்கிடாமல், ஒவ்வொரு தேதியையும் தனித்தனியே பாருங்கள்.

தேதிக்குப் பழைய செய்தித்தாள்தான் வழி. அமெரிக்கத் தேர்தல் என்றால் நவம்பர் என்று நினைத்துத் தேடினால் ஒன்றும் அகப்படாது. பர்லிங்டனில் மார்ச் முதல் செவ்வாய். காங்கிரஸ் நூலகத்தின் இணையத் தொகுப்பில் பழைய இதழ்கள் இலவசம். ஆனால் மங்கிய அச்சைக் கணினி தப்பும் தவறுமாகப் படித்திருக்கும். பெயரைக் கொடுத்துத் தேடினால் பாதி நழுவும். தேர்தலை ஒட்டிய இரண்டு வார இதழ்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டுவதே மேல். பிறகு நகர ஆவணங்களை வைத்திருக்கும் சிட்டி கிளார்க் அலுவலகத்தில், நகர மன்றக் கூட்டக் குறிப்புகளில் பதவியேற்பைச் சரிபாருங்கள்.

வாக்கு எண்ணிக்கையில்தான் அதிகம் வழுக்கும். 1981 மார்ச் 3 தேர்தலில் பெர்னி சாண்டர்ஸ், மேயராக இருந்த கார்டன் பாக்கெட்டை வென்றார். மறு எண்ணிக்கைக்குப் பின் வித்தியாசம் 10 வாக்கு. மறுநாள் காலைச் செய்தித்தாளோடு நிறுத்திக்கொண்டால் இந்த எண் கிடைக்காது. 2009இல் இன்னும் சிக்கல்: வாக்காளர்கள் வேட்பாளர்களை விருப்ப வரிசையில் குறித்தார்கள். பின்தங்கியவர்களை நீக்கி, அவர்களுடைய வாக்குகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றிச் சுற்றுச் சுற்றாக எண்ணினார்கள். முதல் சுற்றில் முந்தியவர் கர்ட் ரைட். கடைசிச் சுற்றில் வென்றவர் பாப் கிஸ். எந்தச் சுற்றின் எண் என்று எழுதாவிட்டால், தோற்றவருக்கு அதிக வாக்கு என்று அட்டவணை உளறும். அந்த முறையை 2010இல் நகரம் கைவிட்டது, பின்னால் மறுபடி கொண்டுவந்தது.

கட்சிக் கட்டத்தில் அன்றைய நிலையை எழுதுங்கள். சாண்டர்ஸ் நின்றது சுயேச்சையாக. பின்னால் வந்த கட்சிப் பெயரை அவர் மேல் ஒட்டக் கூடாது.

பெண் மேயர்களைத் தேடும்போது கணவர் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். அன்றைய இதழ்கள் "திருமதி இன்னார்" என்றே அச்சிட்டன. கான்சாஸ் மாநிலத்து ஆர்கோனியாவில் 1887இல் வென்ற சூசன்னா சால்டர், அமெரிக்காவில் மேயராகத் தேர்வான முதல் பெண். கேலிக்காக அவருக்கே தெரியாமல் எதிராளிகள் வாக்குச்சீட்டில் பெயரைப் போட்டார்கள்; ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வாக்கு அவருக்கே விழுந்தது. ஓராண்டோடு இறங்கிவிட்டார். இப்படிப்பட்ட குறுகிய காலங்கள்தான் பட்டியல்களில் எளிதில் விடுபடும்.

சில நகரங்களில் மக்கள் மேயரைத் தேர்ந்தெடுப்பதே இல்லை. மன்ற உறுப்பினர்களே தங்களுக்குள் ஒருவரை அமர்த்துவார்கள், நிர்வாகம் சம்பளத்துக்கு அமர்த்திய மேலாளர் கையில் இருக்கும். அங்கே வாக்குக் கட்டத்தில் கோடு போடுங்கள். சாலை போட்ட பெருமையை மேயர் கணக்கில் எழுதும் முன் யோசியுங்கள்.

வரிசை எண்ணைக் கடைசியில் இடுங்கள். தற்காலிக மேயருக்கு வரி உண்டு, எண் வேண்டாம். திரும்பி வந்தவருக்கு இரண்டாவது எண் தருவதா என்பதை முதலிலேயே தீர்மானித்து, அட்டவணையின் மேலேயே எழுதிவிடுங்கள். இடைவெளி விட்டு இருமுறை அதிபரான குரோவர் கிளீவ்லாந்தை 22ஆவது, 24ஆவது அதிபர் என்று நாடே இருமுறை எண்ணுகிறது. நகரங்களுக்கு அப்படியொரு பொது வழக்கம் கிடையாது.