ஃபோர்ட்நைட் என்றால் பதினஞ்சு நாள் இல்லை

மெல்பர்னுக்குப் படிக்க வரும் தம்பி தங்கைகளுக்கு. சிம், வங்கிக் கணக்கு, வரி எண்ணுக்கு விண்ணப்பம் எல்லாம் வந்த வாரத்திலேயே முடிந்துவிடும். வரி எண்ணுக்குக் காசு கிடையாது, யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். வகுப்பு தொடங்குமுன் வேலைக்குப் போகாதீர்கள். நான் சொல்ல வந்தது வேறு.

இங்கே சம்பளம் பெரும்பாலும் ஃபோர்ட்நைட் கணக்கு, வாடகையும் பல இடங்களில் அப்படித்தான். அமாவாசை, பௌர்ணமி என்று எண்ணிப் பழகிய நாம் 'பதினஞ்சு நாளுக்கு ஒருக்கா' என்போம். இது பதினாலு இரவு, சரியாக இரண்டு வாரம். வருடத்துக்கு 24 தவணை அல்ல, 26. மாதத்துக்கு இரண்டு என்று கணக்குப் போட்டால் வாடகையில் இரண்டு தவணை துண்டு விழும். போகட்டும், பணத்தைப் புரட்டிவிடலாம்.

விசாவில் வரும் ஃபோர்ட்நைட்தான் ஆளைக் கவிழ்க்கும். 2023 ஜூலை 1 முதல், வகுப்பு நடக்கும் காலத்தில் ஃபோர்ட்நைட்டுக்கு 48 மணி நேரம்தான் வேலை. திங்கட்கிழமை தொடங்கும் 14 நாள் என்பது சட்டத்தின் கணக்கு. எந்தத் திங்கள்? ஒவ்வொரு திங்களும். இதை எனக்கு எந்த சீனியரும் சொல்லவில்லை, அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

என் அறைத்தோழன் பாளையங்கோட்டைப் பையன். டான்டினாங் பக்கம் ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவினான். முதல் வாரம் 20 மணி, அடுத்த இரண்டு வாரமும் 28, பிறகு 20. இரண்டு சம்பளச் சீட்டிலும் 48 என்றே இருந்தது. நிம்மதியாக இருந்தான். வேறு வேலையாக ஒரு விசா ஏஜென்ட்டிடம் போனபோது, அவர் ரோஸ்டரை, அதாவது வேலை நேர அட்டவணையை, வாங்கி நடுவில் இருந்த இரண்டு 28-ஐயும் சேர்த்துப் பேனாவால் வளைத்தார். 56. விசாவையே ரத்து செய்ய இடம் கொடுக்கும் மீறல். அன்று ராத்திரி அவன் சாப்பிடவில்லை. அம்மா வீடியோவில் அழைத்தபோது விளக்கை அணைத்துவிட்டுப் பேசினான். அடுத்த ஆலோசனைக்கே ஒரு மாத வாடகை போனது.

இரண்டு இடத்தில் வேலை என்றால் இரண்டையும் கூட்டுங்கள். விடுமுறைக் காலத்துக்கு வரம்பு இல்லை, ஆய்வுப் படிப்புக்காரர்களுக்கும் படிப்பு தொடங்கியபின் இல்லை.

இப்போது எங்கள் ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள், வாரத்துக்கு ஒரு கட்டம். ஞாயிறு ராத்திரி அந்த வார மணியை எழுதி 48-இலிருந்து கழிப்போம். மிச்சம் எவ்வளவோ அவ்வளவுதான் அடுத்த வாரத்துக்கு. அதற்கு மேல் மேனேஜர் கூப்பிட்டால் வர முடியாது என்று சொல்லிவிடுவோம்.