நாலு கம்பெனி, ஒரே வாரம்: ஆஃபர்களை ஒன்றாக வரவழைப்பது எப்படி

ஒரு கம்பெனியில் இரண்டு ரவுண்டு நன்றாகப் போய்விட்டால் போதும், பலர் மற்ற இடங்களுக்கு விண்ணப்பிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். மூன்றாவது வாரம் ‘பொசிஷன் ஹோல்டில் இருக்கிறது’ என்று மெயில் வரும். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். ஐடி வேலை தேடுபவருக்கு எந்த நேரமும் ஐந்தாறு இடத்தில் பேச்சு ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அதைவிட முக்கியம், அவை ஏறக்குறைய ஒரே வாரத்தில் முடிவுக்கு வருவது. முதல் ஆஃபர் 3-ஆம் தேதி, பிடித்த கம்பெனியின் கடைசி ரவுண்டு 25-ஆம் தேதி என்றால் உங்கள் கையில் இருப்பது ஒரே ஒரு ஆஃபர்தான்.

ஆகவே, மெதுவாக நகரும் இடங்களில் முதலில் ஆரம்பியுங்கள். பெரிய பன்னாட்டு நிறுவனங்களில் நாலைந்து ரவுண்டு, அதற்குமேல் அப்ரூவல் என்று ஒரு மாதத்துக்கு மேல் இழுக்கும். சின்ன ஸ்டார்ட்அப் ஒரே வாரத்தில் முடித்துவிடும். சனிக்கிழமை டிரைவ் (ஒரே நாள் ஆள்சேர்ப்பு) வைக்கும் சர்வீஸ் கம்பெனிகளில் அன்று மாலையே ஹெச்ஆர் ரவுண்டு வரை போய்விடலாம். மெதுவானவற்றுக்கு முதல் வாரம் போடுங்கள், வேகமானவற்றுக்கு மூன்றாவது வாரம். ஒரு விதிவிலக்கு: பிடித்த கம்பெனியின் முதல் ரவுண்டுக்கு முன் அவ்வளவு ஆசையில்லாத இடத்தில் இரண்டு இன்டர்வியூவாவது கொடுத்திருங்கள். ஆறு மாதம் இன்டர்வியூ பக்கம் போகாத நாக்கு முதல் நாள் தடுமாறத்தான் செய்யும்.

எல்லாவற்றையும் ஒரு எக்செல் ஷீட்டில் எழுதுங்கள். கம்பெனி, ரோல், போட்ட தேதி, அனுப்பிய ரெஸ்யூம் எது, யார் வழியாகப் போனது, பேசிய ஹெச்ஆர் பெயர், எந்த ரவுண்டு, அடுத்த தேதி. கடைசியாக ஒரு நெடுவரிசை: ‘நான் சொன்ன எதிர்பார்ப்புச் சம்பளம்’. இது இல்லாமல்தான் பலர் மாட்டுகிறார்கள். போனில் 12 லட்சம் என்று சொல்லிவிட்டு, மூன்று வாரம் கழித்து அதே கம்பெனியின் ஹெச்ஆர் ரவுண்டில் 14 என்றால், எதிரில் இருப்பவரின் திரையில் பழைய எண் அப்படியே இருக்கும். எல்லா இடத்திலும் ஒரே எண், ஒரே நோட்டீஸ் பீரியட் (ராஜினாமா கொடுத்த பிறகும் வேலை பார்க்க வேண்டிய நாட்கள்). 90 நாள் நோட்டீஸை 30 என்று சொல்லி உள்ளே நுழைந்தால் ஆஃபர் கட்டத்தில் அது உடையும்.

‘யார் வழியாக’ என்ற நெடுவரிசையும் சும்மா இல்லை. ஒரே வேலைக்கு இரண்டு கன்சல்டன்சி (கமிஷனுக்கு ஆள் பிடித்துத் தரும் ஏஜென்சி) உங்கள் ரெஸ்யூமை அனுப்பினால் கம்பெனியின் சிஸ்டத்தில் டூப்ளிகேட் என்று காட்டும். கமிஷன் யாருக்கு என்ற சண்டைக்குப் பயந்து சில கம்பெனிகள் ஆளையே ஒதுக்கிவிடும். கன்சல்டன்சிக்காரர் போன் செய்தால் முதல் கேள்வி ‘எந்தக் கம்பெனி?’ என்பதுதான். பெயர் சொல்லாதவரிடம் ரெஸ்யூம் கொடுக்காதீர்கள். உள்ளே வேலை பார்க்கும் நண்பரின் ரெஃபரல் கிடைக்கும் என்றால் அதற்கு முன் வேறு யார் வழியாகவும் போகாதீர்கள். நௌக்ரி வேலைத்தளத்தின் புரொஃபைலில் இப்போதைய கம்பெனியை பிளாக் செய்யும் வசதி உண்டு, அதையும் முதல் நாளே போட்டுவிடுங்கள்.

ஒரு நாளைக்கு இரண்டு இன்டர்வியூவுக்கு மேல் வேண்டாம். இரண்டாவதில் முதல் கம்பெனியின் பெயரைச் சொல்லிவிடுவது நடக்கிற விஷயம்தான்.

முதல் ஆஃபர் வந்ததும் வேலை சூடு பிடிக்கும். பதில் சொல்ல மூன்று நாள் கேட்டால் பெரும்பாலும் தருவார்கள், இரண்டு வாரம் கேட்டால் சந்தேகப்படுவார்கள். அன்றைக்கே மற்ற இடங்களுக்குப் போன் போடுங்கள், மெயில் இரண்டாம்பட்சம். இப்படிச் சொன்னால் போதும்: “மேடம், எனக்கு வேற ஒரு இடத்துல ஆஃபர் லெட்டர் வந்திருக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். உங்க ரோல்லதான் எனக்கு விருப்பம் அதிகம். மீதி ரவுண்டு வியாழனுக்குள்ள முடிக்க முடியுமா?” இதில் மிரட்டல் இல்லை, தேதி இருக்கிறது. அவர்களும் தங்கள் மேனேஜரிடம் போய்க் கேட்க அந்தத் தேதிதான் வேண்டும். இல்லாத ஆஃபரை இருப்பதாகச் சொல்லாதீர்கள். ‘லெட்டரை அனுப்புங்கள்’ என்று கேட்டால் கதை முடிந்தது.

இரண்டு ஆஃபர் வந்தால் சிடிசி எண்ணை (கம்பெனி உங்களுக்காக வருடத்துக்குக் கணக்குப் போடும் மொத்தச் செலவு) வைத்து ஒப்பிடக் கூடாது. ஓர் உதாரணக் கணக்கு. முதல் கம்பெனி 12 லட்சம்: பேசிக் (அடிப்படைச் சம்பளம்) 6 லட்சம், கம்பெனி பங்கு பிஎஃப் 72,000, கிராஜுவிட்டி (பணிக்கொடை) 28,860, வேரியபிள் (கூடக் குறைய வரும் பகுதி) 1,80,000, இன்ஷூரன்ஸ் 15,000. பேசிக் தவிர மற்றதெல்லாம் கழிந்தால் வருடத்துக்கு 9,04,140. உங்கள் பங்கு பிஎஃப் மாதத்துக்கு 6,000 போக மாதம் 69,345. இரண்டாவது 11 லட்சம்: பேசிக் 5.5 லட்சம், வேரியபிள் இல்லை, பிஎஃப் மாதம் 1,800 மட்டும், கிராஜுவிட்டி 26,455, இன்ஷூரன்ஸ் சிடிசிக்கு வெளியே. உங்கள் பங்கு 1,800 போக மாதம் 85,862. வரிக்கு முன் 16,500 ரூபாய்க்கு மேல் வித்தியாசம், அதுவும் ‘குறைந்த’ ஆஃபரில். முதல் கம்பெனியில் பிஎஃப் சேமிப்பு அதிகம் என்பது உண்மை. ஆனால் வீட்டு வாடகையை பிஎஃப் கட்டாது. வேரியபிள் கடந்த வருடம் எத்தனை சதவீதம் கொடுத்தார்கள் என்று நேராகவே கேளுங்கள். ஜாயினிங் போனஸ் இருந்தால், எத்தனை மாதத்துக்குள் விலகினால் திருப்பிக் கட்ட வேண்டும் என்ற வரியையும் லெட்டரில் தேடுங்கள்.

வாய்வார்த்தையை நம்பி ரிசைன் செய்வது அரசனை நம்பி புருஷனைக் கைவிட்ட கதைதான். சம்பளப் பிரிப்பும் சேரும் தேதியும் போட்ட லெட்டர் கைக்கு வந்த பிறகே ராஜினாமா மெயில்.

ஒன்றில் கையெழுத்துப் போட்ட பிறகு, மற்றவர்களுக்கு இரண்டு நாளுக்குள் போன் செய்து விலகுவதாகச் சொல்லிவிடுங்கள். இரண்டிலும் ‘வருகிறேன்’ என்று சொல்லி வைத்து, சேரும் நாள் காலையில் போனை ஆஃப் செய்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கம்பெனியின் பதிவில் பெயர் அப்படியே நிற்கும், பிறகு அங்கே கதவு திறக்காது. முறையாக விலகியவருக்கு இன்னொரு லாபம்: சேரும் தேதியைக் கம்பெனி தள்ளிப்போட்டால், விலகிய இடத்துக்கே திரும்பப் போன் செய்யலாம். 90 நாள் நோட்டீஸில் இது நடக்கக்கூடியதுதான்.

கடைசியாகத் தேதி விஷயம். பழைய கம்பெனியின் கடைசி நாளும் புதிய கம்பெனியில் சேரும் நாளும் ஒன்றன்மேல் ஒன்று விழக் கூடாது. யூஏஎன் எண்ணுக்குக் (கம்பெனி மாறினாலும் மாறாத உங்கள் பிஎஃப் எண்) கீழே இரண்டு கம்பெனியின் பிஎஃப் தேதிகளும் வரிசையாக நிற்கும், பின்னணிச் சரிபார்ப்பில் ஒரு நாள் மேற்படிந்தாலும் விளக்கம் கேட்பார்கள். விலகிய தேதியைப் பழைய கம்பெனி ஏற்றாவிட்டால், இரண்டு மாதம் கழித்து பிஎஃப் தளத்தில் நீங்களே ஏற்றலாம். ஆதாரோடு இணைத்த மொபைல் எண் கையில் இருக்கட்டும், ஓடிபி அதற்குத்தான் வரும்.