அதிரசம் எண்ணெயில் பிரிந்து போகாமல் இருக்க

தீபாவளிக்கு முறுக்கும் மிக்சரும் எல்லார் வீட்டிலும் இருக்கும், ஸ்வீட் பாக்ஸைக் கடையிலேயே வாங்கிவிடலாம். நண்பர்களுக்கு அதிரசம் செய்து கொண்டுபோய்க் கொடுங்கள், "நீங்களே செஞ்சதா?" என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்பார்கள். அந்தக் கேள்விக்காகவே நான் செய்கிறேன்.

தேவையானவை: மாவு பச்சரிசி அரை கிலோ, பாகு வெல்லம் 375 கிராம், ஏலக்காய் நாலைந்து, சுக்குப் பொடி ஒரு டீஸ்பூன், கொஞ்சம் நெய், பொரிக்கக் கடலை எண்ணெய். வெல்லம் வாங்கும்போது "பாகு வெல்லம்" என்று கேட்டே வாங்குங்கள். வெளுத்துப் பளபளவென்று இருக்கும் வெல்லத்தை நான் தொடுவதில்லை. ஒரு துண்டை வாயில் போட்டு, உப்புக் கரித்தால் வேண்டாம், பாகு சரியாக வராது.

அரிசியைக் கழுவி இரண்டு மணி நேரம் ஊறவைத்து, நீரை நன்றாக வடித்து, பருத்தித் துணியில் நிழலில் பரப்புங்கள். அரை மணிக்குள் எடுத்துவிட வேண்டும். கையில் அள்ளினால் அரிசி ஒட்ட வேண்டும், ஆனால் கை நனையக் கூடாது. மிக்ஸியில் அரைத்துச் சல்லடையில் சலித்து, கையால் அழுத்தி மூடி வையுங்கள், மாவின் ஈரம் போகக் கூடாது.

இப்போது பாகு. என்னை வருஷக் கணக்கில் பாடாய்ப் படுத்திய இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். வெல்லத்தைத் தட்டிப் போட்டு, அது மூழ்கும் அளவு மட்டும் தண்ணீர் விட்டுக் கரைத்து, மண் போக வடிகட்டி மறுபடி அடுப்பில் வையுங்கள். அடி கனமான பாத்திரமாக இருந்தால் போதும், நான்ஸ்டிக் எல்லாம் இதற்கு எதற்கு? பக்கத்தில் ஒரு தட்டில் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். பாகு நுரைத்துப் பொங்க ஆரம்பித்ததும் அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். முதலில் கரைந்து போகும். அப்புறம் கரையாமல் அடியில் படியும், ஆனால் விரலால் கூட்டினால் வழியும். இந்த இடத்தில்தான் பலர் அடுப்பை அணைத்துவிடுகிறார்கள், அப்படி இறக்கிய பாகில் செய்த அதிரசம்தான் எண்ணெயில் போட்டதும் பிரிந்து தூள்தூளாகிறது. இன்னும் கொஞ்சம் கொதித்தால் விரலால் கூட்டி உருட்டும்போது மெத்தென்று உருண்டையாக நிற்கும். அதுதான் பதம், உடனே அணைத்துவிடுங்கள். உருண்டையைத் தட்டில் போட்டால் 'டங்' என்று கேட்கிறதா? அது கடலை உருண்டைக்கான பதம், அதிரசத்தைக் கல்லாக்கிவிடும். பயப்பட வேண்டாம், கொஞ்சம் தண்ணீர் ஊற்றி மறுபடி கொதிக்கவிட்டால் பதத்துக்குத் திரும்ப வரலாம். தெர்மாமீட்டர் இருப்பவர்களுக்கு 115 டிகிரி செல்சியஸ் பக்கம், ஆனால் எனக்குத் தட்டும் விரலும் போதும்.

இறக்கிய பாகில் ஏலக்காயும் சுக்கும் போட்டு, மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கிளறுங்கள். அரைத்த மாவு முழுவதையும் போட்டே ஆக வேண்டும் என்றில்லை. கரண்டியிலிருந்து கெட்டியாக வழுக்கி விழும் பதத்தில் நிறுத்திவிட்டு மீதியை எடுத்து வையுங்கள், ஏனென்றால் ஒரு ராத்திரியில் அது தானாகவே இறுகிவிடும். மேலே நெய் தடவி மூடி, குறைந்தது ஒரு நாள் விடுங்கள்.

மறுநாள் எலுமிச்சை அளவு உருட்டி, எண்ணெய் தடவிய வாழையிலையில் தட்டி, மிதமான சூட்டில் ஒவ்வொன்றாகப் போடுங்கள். எண்ணெய் புகைந்தால் வெளியே கருகி உள்ளே வேகாமல் நிற்கும். இரண்டு பக்கமும் சிவந்ததும் எடுத்து, இரண்டு சல்லிக் கரண்டிகளுக்கு நடுவில் வைத்து அழுத்தி எண்ணெயைப் பிழியுங்கள். அடி தட்டையான கரண்டி வாங்குங்கள், குழிந்தது என்றால் அதிரசம் கிண்ணமாக வளைந்துவிடும்.

முதலில் ஒன்றே ஒன்று போட்டுப் பாருங்கள். பிரிந்தால் எடுத்து வைத்த மாவில் ஒரு கை சேர்த்துப் பிசையுங்கள். கட்டியாக, விரிசல் விட்டு வந்தால் கொஞ்சம் வெதுவெதுப்பான பால் தெளித்துப் பிசையலாம், ஆனால் பால் சேர்த்ததை அன்றைக்கே சுட்டுவிடுங்கள்.

வேலூர், திருவண்ணாமலைப் பக்கம் கேதார கௌரி நோன்புக்கு 21 அதிரசம் வைத்துப் படைப்பவர்கள் உண்டு. அப்படிக் கணக்குப் பார்த்துச் செய்பவர்கள் மாவைக் கொஞ்சம் கூடுதலாகவே பிடியுங்கள், சோதனைக்குப் போட்டதையும் உடைந்ததையும் படையலில் வைக்க முடியாதே.

டப்பாவில் அடைக்கும்முன் நன்றாக ஆறவிடுங்கள். சூட்டோடு மூடினால் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். அடுக்குக்கு நடுவே வெண்ணெய்த்தாள் போட்டால் ஒட்டாது.

பிற்சேர்க்கை: கடையில் விற்கும் பாக்கெட் அரிசி மாவில் செய்யலாமா என்று வெளிநாட்டில் இருக்கும் சிலர் கேட்டிருந்தார்கள். வேண்டாம். அது காய்ந்த மாவு, பாகின் ஈரத்தையெல்லாம் குடித்துவிட்டு அதிரசத்தை வறட்டிபோல் ஆக்கிவிடும். பச்சரிசி கிடைக்கும் ஊர்தானே, ஊறவைத்து மிக்ஸியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு அரைத்துக்கொள்ளுங்கள். இன்னொருவர் மாவை ஃப்ரிட்ஜில் வைக்கலாமா என்று கேட்டார். தாராளமாக வைக்கலாம், சுடுவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் வெளியே எடுத்து வைத்து நன்றாகப் பிசைந்துகொள்ளுங்கள்.