கேமிங் ஹெட்செட் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற ஆண்டு அக்னி நட்சத்திரம் தொடங்கிய வாரத்தில், பத்தாம் வகுப்புத் தேர்வை முடித்திருந்த அக்கா மகனை அழைத்துக்கொண்டு, சென்னையில் மின்னணுக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போயிருந்தேன். மூன்றாவது கடையில் அவன் ஒரு பெட்டியைக் கையில் எடுத்து, அதன்மேல் அச்சிட்டிருந்ததை ஒவ்வொன்றாக எனக்குப் படித்துக் காட்டினான். 7.1 சரவுண்ட், 50 மில்லிமீட்டர் டிரைவர் (ஒலி எழுப்பும் சிறு ஸ்பீக்கர்), 10 முதல் 40,000 ஹெர்ட்ஸ் வரை ஒலி, 1.68 கோடி நிறங்களில் விளக்கு. தலையில் மாட்டிப் பார்க்க வேண்டும் என்று அவனுக்கும் தோன்றவில்லை, கடைக்காரரும் சொல்லவில்லை. பெட்டியில் உள்ள எண்களைப் பார்த்தே முடிவெடுத்துவிடுவதுதான் பலர் செய்யும் முதல் தவறு.

அந்த எண்களில் அதிகம் ஏமாற வைப்பது 7.1. வீட்டில் ஏழு ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் வைத்துப் படம் பார்க்கும் ஏற்பாட்டுக்கு வைத்த பெயர் அது. ஹெட்செட்டில் பெரும்பாலும் காதுக்கு ஒன்றாக இரண்டே டிரைவர்கள்தான் இருக்கின்றன. மீதியை மென்பொருள் பாவனை செய்கிறது. உண்மையில் ஒலியின் திசையை அறிய நமக்கு இரண்டு காதுகள் போதும். இடப்பக்கம் எழும் ஒலி வலக்காதை அரை மில்லிவிநாடிக்குச் சற்று கூடுதலாகத் தாமதித்து வந்தடைகிறது, தலை மறைப்பதால் கொஞ்சம் மங்குகிறது, காது மடலின் மடிப்புகளில் பட்டு அதன் தன்மையும் மாறுகிறது. இந்த நுண்ணிய வேறுபாடுகளை வைத்தே மூளை திசையைக் கணிக்கிறது. வாலரண்ட், கவுண்டர் ஸ்ட்ரைக் 2 போன்ற கேம்கள் இதே கணக்கைத் தாமே போட்டு, சாதாரண ஸ்டீரியோ ஹெட்போனுக்கே திசையை ஏற்றி அனுப்புகின்றன. ஹெச்ஆர்டிஎஃப் என்று சில கேம்களின் அமைப்புகளில் காணப்படுவது அதுதான். அதை இயக்கிவிட்டு, ஹெட்செட்டின் 7.1 பொத்தானையும், போதாததற்கு விண்டோஸிலேயே உள்ள விண்டோஸ் சோனிக் என்ற சரவுண்ட் வசதியையும் சேர்த்துப் போட்டால், ஒருமுறை கணக்கிட்ட ஒலி மீண்டும் மீண்டும் கணக்கிடப்பட்டுக் குழம்பிவிடும். பின்னால் வருகிறவனின் காலடி பக்கவாட்டில் கேட்கும். ஏதேனும் ஒன்றை மட்டும் இயக்குங்கள். கேமிலேயே அந்த வசதி இருந்தால் அதையே வைத்துக்கொள்வது நல்லது.

மற்ற எண்களுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை. மனிதக் காது கேட்பது ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரைதான். வயது ஏற ஏற மேல் எல்லை குறைந்துகொண்டே வரும். நன்றாக வடிவமைத்த 40 மில்லிமீட்டர் டிரைவர், அக்கறையின்றிச் செய்த 50 மில்லிமீட்டர் டிரைவரைவிடத் தெளிவாகவே ஒலிக்கும். விளக்கு ஒலிக்கு எதையும் சேர்ப்பதில்லை; வயர்லெஸ் ஹெட்செட்டாக இருந்தால் சார்ஜை மட்டும் சீக்கிரம் தீர்க்கும்.

இரண்டாவது பெரிய தவறு, பாட்டுக் கேட்கவென்று வாங்கிய ப்ளூடூத் ஹெட்போனே கேமுக்கும் போதும் என்று எண்ணுவது. ப்ளூடூத்தில் ஒலியைச் சுருக்கி அனுப்பப் பரவலாகப் பயன்படும் எஸ்பிசி கோடெக் என்ற முறையில் ஒலி 150 முதல் 250 மில்லிவிநாடி வரை தாமதமாக வருவது சாதாரணம். விநாடிக்கு 60 ஃபிரேம் ஓடும் கேமில் 200 மில்லிவிநாடி என்பது 12 ஃபிரேம். திரையில் எதிரி சுட்டு முடித்த பிறகுதான் வெடிச்சத்தம் காதுக்கு வரும். படம் பார்க்கும்போது செயலியே படத்தைச் சற்றுத் தாமதித்து ஒலியோடு பொருத்திவிடுவதால் இந்தக் குறை நமக்குத் தெரிவதில்லை. கேமில் அப்படித் தாமதிக்க இயலாது. இதைவிட மோசமானது மைக். கணினியோடு இணைத்த ப்ளூடூத் ஹெட்செட்டில் மைக்கை இயக்கியவுடன், பெரும்பாலான கருவிகளில் இணைப்பு தொலைபேசிப் பேச்சுக்கென்று உருவான பழைய முறைக்கு மாறிவிடும். அதில் ஸ்டீரியோ இல்லை, திசையும் இல்லை. கேம் முழுவதும் பழைய டெலிபோன் ரிசீவரில் கேட்பதுபோல் ஆகிவிடும். எல்இ ஆடியோ என்னும் புதிய முறை இதைத் தீர்க்கிறது என்றாலும், ஹெட்செட், கணினி இரண்டிலும் அது இருந்தாக வேண்டும். பிளேஸ்டேஷன் 5 ப்ளூடூத் ஹெட்போனை நேரடியாக ஏற்பதே இல்லை என்பதையும் வாங்குவதற்கு முன் தெரிந்துகொள்வது நல்லது.

வயர் வேண்டாம் என்பவர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் யூஎஸ்பி டாங்கிளோடு வரும் ஹெட்செட்டை வாங்கலாம். அதில் தாமதம் பெரிதாகத் தெரியாது. ஆனால் வேளச்சேரியிலோ பெரும்பாக்கத்திலோ ஓர் அடுக்ககத்தில் நின்று பார்த்தால், அண்டை வீடுகளின் வைஃபை பெயர்களே பட்டியலாக வரும். அவற்றில் பலவும் இதே அலைவரிசையில்தான் இயங்குகின்றன. கணினியின் யூஎஸ்பி 3.0 துளைகளிலிருந்தும் இதே அலைவரிசையில் இரைச்சல் கசியும். ஆகவே டாங்கிளைக் கணினியின் பின்பக்கத்தில் செருகிவிட்டு ஒலி விட்டுவிட்டு வருகிறது என்று வருந்தாமல், ஒரு நீட்டிப்பு வயரில் மேசைமேல் கொண்டுவந்து வையுங்கள்.

வயர் உள்ளதை வாங்குகிறவர்கள் ஜாக்கின் கருப்பு வளையங்களை எண்ண வேண்டும். மூன்று வளையம் இருந்தால் ஒலியும் மைக்கும் ஒரே ஜாக்கில் போகின்றன. செல்பேசிக்கும், பல மடிக்கணினிகளுக்கும், பிளேஸ்டேஷன் கன்ட்ரோலருக்கும் அது அப்படியே பொருந்தும். பச்சை, இளஞ்சிவப்பு என்று தனித்தனித் துளைகள் உள்ள மேசைக் கணினிக்கு ஒரு ஸ்பிளிட்டர் வேண்டும். இதை அறியாமல், மைக் வேலை செய்யவில்லை என்று நல்ல ஹெட்செட்டைத் திருப்பிக் கொடுக்க வந்தவரை அன்று அதே கடையில் பார்த்தோம்.

இனி நம் ஊருக்கே உரிய விஷயத்துக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நான் வாங்கிய ஹெட்செட்டின் காதுக் குஷன் வழவழப்பான ரெக்சின் போன்றது. கடையில் தொட்டுப் பார்க்க அவ்வளவு மென்மையாக இருந்தது. இரண்டாவது கோடையில், விளையாடி முடித்து முகம் கழுவப் போனபோது, காதைச் சுற்றிலும் கன்னத்திலும் கருப்புச் செதில்கள் ஒட்டியிருப்பதைக் கண்ணாடியில் பார்த்தேன். பாலியூரித்தேன் பூச்சு ஈரக்காற்றிலும் வியர்வையிலும் மெல்ல மெல்லச் சிதையும் தன்மை உடையது. சென்னையில் இவை இரண்டுக்கும் குறைவில்லை. புதுக் குஷன் மாற்றலாம் என்று பார்த்தால், அது பசைபோட்டு ஒட்டப்பட்டிருந்தது. அந்த ஹெட்செட்டில் ஒலி கடைசிவரை நன்றாகவே இருந்தது என்பதுதான் எனக்கு இன்றும் வருத்தம். அதனால் துணி அல்லது வெல்வெட் போன்ற குஷனையே பாருங்கள். அது கழற்றி மாட்டக்கூடியதா, மாற்றுக் குஷன் தனியாகக் கிடைக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள்.

எடையும் இறுக்கமும் இதோடு சேர்ந்தவை. 300 கிராமுக்குள் இருந்தால் இரண்டு மணி நேரம் அணியலாம் என்பது என் அனுபவம். கண்ணாடி அணிகிறவர்கள் கண்ணாடியோடுதான் மாட்டிப் பார்க்க வேண்டும். சட்டகத்தின் கால் குஷனைத் தூக்கிவிட்டால் அந்த இடைவெளியில் அடித்தொனி கசிந்துவிடும், அரை மணியில் காதுக்குமேல் வலியும் எடுக்கும். கடையில் ஒரு நிமிடம் அணிவது போதாது. பத்துப் பதினைந்து நிமிடம் கழற்றாமல் நின்று பாருங்கள். நல்ல கடைக்காரர் மறுக்க மாட்டார்.

பின்பக்கம் திறந்த ஹெட்போன்கள் ஒலியை விரிவாகக் காட்டும், காதிலும் வெப்பம் தங்காது என்று பரிந்துரைப்பவர்கள் சொல்வது உண்மையே. ஆனால் அவற்றில் வெளிச்சத்தமும் அப்படியே உள்ளே வரும். மேலே மின்விசிறி சுழல, சன்னலுக்கு வெளியே ஆட்டோ ஹாரன் கேட்கும் அறையில் மெல்லிய காலடி ஓசை மூழ்கிப்போகும். அமைதியான தனி அறை இல்லாதவர்களுக்கு மூடிய வகையே ஏற்றது. இரைச்சல் நீக்கும் ஏஎன்சி வசதி, ஏசியின் உறுமல் போன்ற தொடர்ந்த தாழ்ந்த ஒலியை நன்றாகக் குறைக்கும். ஹாரனையும் பேச்சுக்குரலையும் அந்த அளவுக்குக் குறைக்காது. மைக்கையும் இதே அறையில் வைத்துச் சோதியுங்கள்: மின்விசிறியை முழு வேகத்தில் ஓடவிட்டு ஒரு நிமிடம் பேசிப் பதிவுசெய்து கேட்டால், உங்கள் கூட்டாளிகள் தினமும் எதைக் கேட்கிறார்கள் என்பது தெரிந்துவிடும்.

வெளிச்சத்தத்தை மீறிக் கேட்க வேண்டுமென்று ஒலியளவை ஏற்றுவது, எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு. வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதானால் 80 டெசிபலைத் தாண்டக்கூடாது என்றும், சிறுவர்களுக்கு அந்த எல்லை 75 டெசிபல் என்றும் உலக சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. 90 டெசிபலானால் பெரியவர்களுக்கே வாரத்துக்கு நான்கு மணி நேரம்தான். காலடி கேட்கவென்று ஏற்றிய ஒலியில்தான் அடுத்த நொடி கையெறி குண்டும் வெடிக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். உரத்த ஒலியைத் தாழ்த்தி மெல்லிய ஒலியை உயர்த்தும் நைட் மோட் போன்ற அமைப்பு சில கேம்களில் உண்டு. அதை இயக்கினால் ஒலியளவைக் குறைத்தே விளையாடலாம்.

அன்று நாங்கள் வாங்கியது விளக்கு இல்லாத, துணிக் குஷன் வைத்த, வயர் உள்ள ஒரு ஹெட்செட். வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்தி, மின்விசிறியை நடு வேகத்தில் வைத்து, கேமின் பயிற்சிக் களத்தில் காலடி கேட்கும் மிகக் குறைந்த ஒலியளவு எது என்று இருவருமாகத் தேடிப் பிடித்தோம். வயரில் உள்ள ஒலிச் சக்கரத்தில் அந்த இடத்தில் அக்கா தன் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தாள்.